'கெட்' என்றால் 'பெறு' மட்டும்தானா?

நேற்று இங்கே ஒரு பெண் ஆங்கிலம் பற்றிக் கேட்ட கேள்விக்குக் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு முகங்களைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "'ஷீ காட் ஹெர் ஹேர் கட்' என்று முடி வெட்டிக்கொண்டதைச் சொல்ல எதற்கு 'காட்' வருகிறது? அவளுக்கு என்ன கிடைத்தது?" அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். 'காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம். "கெட் என்றால் பெறு, இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் எழுத, அதற்கு ஏகப்பட்ட லைக். இரவுக்குள் அந்தப் பெண் கேள்வியையே நீக்கிவிட்டார்.

தெரியாதவர் அவர் இல்லை. 'பெறு' என்று சொல்லி முடித்தவருக்குத்தான் அந்தச் சொல் தெரியவில்லை. கடிதம் வந்தாலும் கெட், கோபம் வந்தாலும் கெட். வீடு போய்ச் சேர்ந்தால், சொன்னது புரிந்தால், ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தால், வேலையிலிருந்து தூக்கப்பட்டால் எல்லாவற்றுக்கும் அதே கெட். பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டினால் எழுவது, துக்கத்திலிருந்து மீள்வது, தப்பு செய்துவிட்டு மாட்டாமல் போவது என்று நீண்டுகொண்டே போகும். கெட் மட்டுமில்லை, ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற ஒரே வினைக்கு 430 பொருள் இருக்கிறது. இதில் எதைப் பார்த்துச் சிரித்தீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முதல் வேலை, முதல் வாரம். மேலதிகாரி அரை மணி நேரம் ஒன்றை விளக்கிவிட்டு, "டிட் யூ கெட் இட்?" என்றார். ஏதோ கோப்பு வந்ததா என்று கேட்கிறார் என நினைத்து, "நோ சார், நத்திங் கேம்" என்றேன். அறையே சிரித்தது. அதற்குப் பிறகு பல மாதம், புரிந்தாலும் புரியாவிட்டாலும் "யெஸ் சார்" மட்டும்தான் சொன்னேன். அதனால் செய்த தவறுகளுக்குத் திட்டு வாங்கியது தனிக்கதை.

அகராதியைப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்ததால் வந்த குழப்பம்தான் இது. கையடக்க அகராதியில் முதலில் கிடைப்பதே 'பெறு'தான். விளையாட்டுக்குத்தான் சிரித்தோம் என்றும் சொல்வீர்கள். சரி, விளையாட்டாகவே இருக்கட்டும், கேட்டவர் விளையாடவில்லையே.

நம் 'பிடி'யைப் பாருங்கள். பேருந்தைப் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, நேரம் பிடிக்கிறது, ஒருவரைப் பிடிக்கிறது. தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர், "சளிக்கு என்னைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எத்தனை ஆசையாக விளக்குவோம்! அதே பொறுமை நம் ஆள் ஆங்கிலத்தில் தடுமாறினால் மட்டும் எங்கே போகிறது?

கேள்வியை நீக்கிய சகோதரிக்கு: 'ஷீ கட் ஹெர் ஹேர்' என்றால் பொதுவாக அவளே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டாள். 'ஷீ காட் ஹெர் ஹேர் கட்' என்றால் வேறொருவர் வெட்டிவிட்டார், அவள் வெட்டச் செய்தாள். தமிழில் இரண்டுக்கும் 'வெட்டிக்கொண்டாள்' என்றே சொல்லிவிடுகிறோம், வெட்டிவிட்டவர் வாக்கியத்தில் தெரியவே மாட்டார். ஆங்கிலத்தில் அவரைக் காட்டிக்கொடுப்பது அந்தக் 'காட்'தான். அடுத்த சந்தேகத்தை இங்கே கேளுங்கள்.