நாத்திகம் மதம் இல்ல, ஆனா மதத்துக்கு இருக்கிற பாதுகாப்பு அதுக்கும் வேணும்

போன வாரம் சொந்தத்துல ஒரு புதுமனை புகுவிழா. ஹோமம் நடந்துட்டு இருந்தப்போ நான் வெளிய பந்தல்ல உக்காந்திருந்தேன், சித்தப்பா பக்கத்துல வந்து உக்காந்து "ஏன்டா தம்பி, சாமி இருக்குன்னு நாங்க நம்புறோம், இல்லைன்னு நீ நம்புற, எங்களுக்கு முருகன்னா உனக்கு பெரியார், அப்போ உன்னோடதும் ஒரு மதம்தானே"ன்னு கேட்டார். கிண்டல் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்க கேட்டார். அதுக்குள்ள பந்திக்கு கூப்பிட்டுட்டாங்க. அவருக்கு சொல்ல வேண்டியத இங்க சொல்லிடுறேன், அவரும் படிப்பார்.

முதல்ல ஒண்ண ஒத்துக்கிறேன் சித்தப்பா. எங்க ஆளுங்க சிலர் நடந்துக்கிறத பாத்தா உங்களுக்கு அப்படித் தோணுறது நியாயம்தான். பெரியார் சொன்னதுல ஒரு வரிய கேள்வி கேட்டாலே சண்டைக்கு வந்துடுறாங்க. நான் சொல்றேன்னு நம்பாதீங்க, உங்க அறிவுக்கு சரின்னு பட்டா எடுத்துக்கங்கன்னு மேடைக்கு மேடை சொன்ன மனுஷனுக்கு இத விட பெரிய அவமரியாதை கிடையாது. ஆனா இந்த தலைவர் பக்தி கட்சியிலயும் இருக்கு, சினிமாவுலயும் இருக்கு, அத எல்லாம் மதம்னு யாரும் கணக்குல சேக்குறதில்ல.

சாமி இல்லைங்கறது ஒரே ஒரு கேள்விக்கு பதில், அவ்வளவுதான். எந்த நாள் நல்ல நாள், யாரோட சம்பந்தம் வச்சுக்கலாம், செத்தா எரிக்கணுமா புதைக்கணுமா, அப்புறம் எங்க போவோம், இதுல எதுக்கும் நாத்திகத்துக்கிட்ட விடை கிடையாது. சமணத்துலயும் பௌத்தத்துலயும் கூடத்தான் உலகத்த படைச்ச கடவுள் இல்ல, ஆனா அங்க துறவி இருக்காங்க, நோன்பு இருக்கு, வினை, மறுபிறப்பு, வீடுபேறு எல்லாம் இருக்கு. எங்ககிட்ட என்ன இருக்கு, ஒரு கருப்புச் சட்டை, அதுவும் எல்லாரும் போடுறதில்ல.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணிமேகலையில வஞ்சி நகரத்துல அவ ஒவ்வொரு சமயக்கணக்கரா, அதாவது சமயம் விளக்குற அறிஞரா, போய் கேக்குறால்ல, வைணவவாதி, ஆசீவகன், சமண நிகண்டன்னு, அந்த வரிசையில எல்லாமே வெறும் பொருள்தான்னு சொல்ற பூதவாதியும் இருக்கான். தாதகிப்பூவும் வெல்லமும் சேந்தா போதை பிறக்கிற மாதிரி நிலம், நீர், தீ மாதிரியான பூதங்கள் சேந்து உணர்வு பிறக்குது, பிரிஞ்சா போயிடுதுன்னு சொல்றான், மறுபிறப்பு பொய்ங்கறான். மணிமேகலை சிரிச்சுட்டு மறுத்துதான் பேசுறா, அது பௌத்தக் காப்பியம், வேற எப்படி இருக்கும். ஆனாலும் அவன் பேச்சையும் கேட்டுட்டுதான் மறுக்குறா. சமயம்ங்கற சொல்லுக்கு அன்னைக்கு அவ்வளவு எடம் இருந்திருக்கு, அந்த அர்த்தத்துல கேட்டா நானும் ஆமான்னு சொல்லிடுவேன் சித்தப்பா.

இன்னைக்கு மதம்ங்கறது அது இல்லையே. ஃபார்ம்ல ஒரு கட்டம், கோர்ட்ல ஒரு சட்டம். எனக்கு கோபம் வர்ற எடமே இதுதான். இந்து திருமணச் சட்டம் 1955 யாருக்கெல்லாம் பொருந்தும்னு பாருங்க, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் இல்லாத எல்லாரும் அதுக்குள்ள வந்துடுவாங்க. 1967ல அண்ணா ஆட்சியில சுயமரியாதைக் கல்யாணத்துக்கு சட்டம் கொண்டு வந்தாங்க, ஐயர் வேணாம், மந்திரம் வேணாம், நாலு பேர் முன்னாடி மாலை மாத்தினா போதும், அதுக்கு முன்னாடி நடந்த கல்யாணங்களும் செல்லும்னாங்க, எவ்வளவு பெரிய காரியம் அது! ஆனா அதுவும் இந்து திருமணச் சட்டத்துல 7ஏன்னு சேத்த பிரிவுதான், ரெண்டு இந்துக்களுக்கு நடக்கிற கல்யாணம்னுதான் அதுல இருக்கு. வேற வழி 1954 சிறப்புத் திருமணச் சட்டம், அதுக்கு 30 நாள் நோட்டீஸ் ஒட்டணும், அது எத்தன காதல் ஜோடிகளுக்கு வினையா முடியுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்காவுல விஸ்கான்சின் ஜெயில்ல ஒரு கைதி நாத்திகர்களுக்கு படிப்பு வட்டம் நடத்த அனுமதி கேட்டார், மதக் குழுக்களுக்கு குடுத்தவங்க இவருக்கு குடுக்கல. 2005ல அப்பீல் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, அரசியல் சட்டம் குடுக்கிற பாதுகாப்ப பொறுத்தவரை நாத்திகத்தையும் மதம் மாதிரிதான் நடத்தணும்னு. நாத்திகமும் மதம்னு கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு நிறைய பேர் இதத்தான் தூக்கிட்டு வர்றாங்க. அந்தத் தீர்ப்புல நான் பாக்கிறது ஒரு மனுஷனுக்கு கிடைச்ச சம உரிமைய. நம்ம அரசியல் சட்டம் 25வது பிரிவும் மதத்துக்கு முன்னாடி மனசாட்சி சுதந்திரத்ததான் சொல்லுது.

என் பொண்ண ஸ்கூல்ல சேக்கப் போனப்போ மதம், சாதி கட்டத்த விட்டுட்டு குடுத்தேன். ஆபீஸ்ல இருந்த அம்மா "ஏதாவது ஒண்ணு போடுங்க சார், கம்ப்யூட்டர் ஏத்துக்காது"ன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல. ஆனா விருப்பம் இல்லாதவங்க அத விட்டுடலாம்னு தமிழ்நாடு அரசு 1973லயே ஆணை போட்டுடுச்சு, 2000ல திரும்பவும் சொல்லுச்சு. அப்படி இருந்தும் மூணு தடவ அலைய வேண்டி இருந்துச்சு, "நாத்திகம்னு போட்டுக்கவா, அதுவும் ஒரு மதம்தானே"ன்னு கூட ஒருத்தர் கேட்டார். வேணாங்க, கட்டம் காலியாவே இருக்கட்டும்னுதான் சொன்னேன். எஸ்சி தோழர்களுக்கு இதுல வேற பயம் இருக்கு, பட்டியல் சாதிக்கான 1950 ஆணை இந்து, சீக்கியர், பௌத்தர்னு மதத்தோட கட்டி வச்சிருக்கு, அதனால சான்றிதழ்ல சிக்கல் வந்துடுமோன்னு சாமி கும்பிடாதவங்களும் இந்துன்னே எழுதுறாங்க. அவங்கள நான் ஒரு வார்த்த குறை சொல்ல மாட்டேன்.

ஜூன்ல பிள்ளைங்கள சேக்கப் போறவங்க அந்த 1973 ஆணையோட நகல் ஒண்ணு கையில வச்சுக்கங்க. வேணும்னா கமெண்ட்ல கேளுங்க, என்கிட்ட இருக்கு, அனுப்புறேன்.