பதினேழாம் தேதி பிறந்த பெண்

என் அக்கா மகளின் ஜாதகம் வாங்கிப்போக, சென்ற மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையின் பெரியம்மா வந்திருந்தார். ஜாதகத்தோடு வைத்திருந்த விவரத்தாளில் பிறந்த தேதியைப் பார்த்ததும், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு, ஒன்றும் ஏழும் எட்டு என்று உதட்டுக்குள் கூட்டினார். ஜாதகத்தைப் பிரிக்கவே இல்லை. "எங்க பையனுக்கு எட்டாம் நம்பர் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு, பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அடுத்த அறையில் இருந்த பெண்ணின் காதில் அது விழுந்தது.

வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்து வாங்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எண்கணிதப்படி எட்டு சனியின் எண் என்று சொல்லி, தேதியின் கூட்டுத்தொகை எட்டு வரும் 8, 17, 26 ஆகிய தேதிகளில் பிறந்த பெண்களை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பஞ்சாங்கம் பார்ப்பது திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்தைத்தான். ஆங்கிலத் தேதி அந்த ஐந்தில் இல்லை. அந்தத் தேதியும் எல்லா ஊருக்கும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதற்கு நம் ஊர்களே சாட்சி. பிரெஞ்சுக்காரர்கள் 1582இலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தார்கள். ஆகவே 1750இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 17ஆம் தேதி என்று எழுதிய அதே நாளை, கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் 6ஆம் தேதி என்று எழுதினார்கள். அன்று ஒரே நாழிகையில் இரண்டு ஊரிலும் பிறந்த குழந்தைகளில், இந்த எண்கணிதக் கணக்குப்படி புதுச்சேரிக் குழந்தைக்கு எட்டுக்குரிய சனி, மற்றொன்றுக்கு ஆறுக்குரிய சுக்கிரன். இடையில் இருப்பது இருபது கிலோமீட்டர் சொச்சமும் தென்பெண்ணையாறும்தான்.

ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26ஐச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். கரையோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30இல். புதுச்சேரியை மூழ்கடித்த ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் 30இல். முப்பதின் கூட்டுத்தொகை மூன்று, அது குருவின் எண். முப்பதாம் தேதி பிறந்தாள் என்று எந்தப் பெண்ணையும் யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எட்டை வெறுக்கும் இதே கடலூர் மாவட்டத்தில்தான், அட்ட வீரட்டத் தலங்கள் எட்டில் ஒன்றான திருவதிகை இருக்கிறது. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்தது அங்கேதான். வடலூரில் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையும் எண்கோண வடிவம். பெருமாளை வணங்குவோர் ஓதுவது எட்டெழுத்து மந்திரம். கோயிலில் கைகூப்பி ஏற்றுக்கொள்ளும் எண்ணை, ஒரு பெண்ணின் பிறந்தநாளில் கண்டால் மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்?

அடுத்த வாரம் வேறொரு குடும்பம் வருகிறது. "தம்பி, பதினேழைப் பதினெட்டுன்னு மாத்தி எழுதிடலாமா?" என்று அக்கா கண் கலங்கக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதுத் தாளில் 17 என்றே எழுதி அவர் கையில் கொடுத்தேன்.