முகப்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் குழி வெட்டுங்கள்

நூறாண்டு கடந்த பள்ளியில் புதுக் கட்டடம் என்றதும் ஆலோசனைக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "பழைய வளைவு போலவே முகப்பு வைப்பீர்களா?" என்பதுதான். கட்டமைப்புப் பொறியாளனான எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். பழைய சுவரின் கடைக்கால் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று யாராவது தோண்டிப் பார்த்தீர்களா?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பழைய வரைபடம் எதுவும் இல்லை. சுவரோரம் சோதனைக் குழி வெட்டினோம். இரண்டடி தடிமனுள்ள அந்தக் கம்பீரமான சுவர் மூன்றரை அடியோடு முடிந்துவிட்டது. படிப்படியாக அகலும் செங்கல், அதன்கீழ் சுண்ணாம்பு ஜல்லி, பிறகு களி கலந்த மணல். அவ்வளவுதான். புதுக் கட்டடத்துக்கோ ஐந்தடி தள்ளிப் பன்னிரண்டடிப் பள்ளம் போட்டிருந்தார்கள். கடைக்கால் விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் கோடு இழுத்தால் பள்ளம் அதைத் தாண்டிவிடுகிறது. சுவர் எந்த மண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிறதோ அதையே அள்ளப் போகிறோம் என்று பொருள்.

பள்ளத்தை மூடிவிட்டாலும் கவலை தீராது. புது அடித்தளத்தின் பாரம் அதன் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம்வரை மண்ணுக்குள் பரவும், பக்கவாட்டிலும் நீளும். பழைய கட்டடம் அமுங்கி ஓய்ந்து பல காலமாயிற்று. இப்போது அதன் ஒரு மூலை மட்டும் மறுபடி இறங்கும். சீராக இறங்கினால் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் பொறுத்துக்கொள்ளும்; ஒரு மூலை மட்டும் இறங்கினால் சன்னலோரம் சாய்வாக விரிசல் ஓடும்.

சுவர் அசைந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று அங்கே ஒரு பழைய விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வைத்திருந்தோம். பள்ளத்தில் ஊறிய நீரை இரவு பகலாக பம்ப் வைத்து இறைத்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் அந்த நீர் தாங்கிய பாரத்தின் பங்கும் மண்துகள்கள் மேல் விழுந்து மண் அமுங்கும். இரண்டாம் வாரம் கண்ணாடி நடுவில் முறிந்திருந்தது.

வேலையை நிறுத்தினோம். புதுக் கட்டடத்தைத் தள்ளி வைத்து, முதல் தூண் வரிசையைப் பின்னுக்கு இழுத்து, துளையிட்டு வார்க்கும் பைலுக்கு, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூணுக்கு, மாறினோம். அடித்து இறக்கும் பைல் நிலத்தை அதிரவைக்கும்; அங்கே அது கூடவே கூடாது. பாரம்பரியக் கட்டடத்தின் அடித்தளத்தில், குறைந்த அதிர்வெண்ணில், அதிர்வு வேகத்துக்கு ஜெர்மானியத் தரநூல் வழிகாட்டும் அளவே நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான். ஒரு வகுப்பறை குறைந்ததில் நிர்வாகத்துக்கு இன்னும் வருத்தம்.

பழைய கட்டடமும் புதியதும் தனித்தனியே அசையட்டும் என்று இணைப்பு நடைபாதையில் இடைவெளி விட்டிருக்கிறேன். அதைச் சாந்து பூசி அடைத்துவிடச் சொல்லிப் போன வாரம் கேட்டார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.