ஒற்றை சிரிஞ்ச் கேட்டு வந்த பையன்

வடசென்னையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறேன். போதை ஊசி போட்டுக்கொள்ள ஒற்றை சிரிஞ்ச் கேட்டு வருபவர்களைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சில்லறையை முன்கூட்டியே எண்ணி உள்ளங்கையில் மூடி வைத்திருப்பார்கள். "இல்லப்பா, போ" என்று நானும் ரொம்ப காலம் துரத்தியிருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் அப்படித் துரத்திய ஒரு பையன், ஒரு வாரம் கழித்து முழங்கை மடிப்பு வீங்கிச் சீழ் கட்டி வந்து நின்றான். அவன் அம்மா மாதாமாதம் என்னிடம் சுகர் மாத்திரை வாங்குபவர். "அன்னைக்கு நீங்க தரலல்லண்ணா, மூணு பேரும் ஒண்ணுலயே போட்டுக்கிட்டோம்" என்றான். அவன் குரலில் என் மேல் கோபம் எதுவும் இல்லை, நடந்ததைச் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய ரத்தம் ஒட்டிய ஊசி அடுத்தவர் நரம்புக்குள் நேராகப் போகிறது. எச்.ஐ.வி.க்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. நாட்டில் பெரியவர்களில் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்றால், போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் 2017ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பிலேயே அது நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல்.

ஆனால் டெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னால் வரமாட்டார்கள். விவரம் தெரியாததால் இல்லை. போலீசுக்குப் போய்விடுமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, கவுன்டரில் எல்லார் முன்னாடியும் சத்தமாகக் கேட்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைக் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையனை முதல் தடவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனபோது, சீட்டு எழுதியவர் அவன் கையைப் பார்த்துவிட்டு, "முதல்ல இந்தக் கருமத்த விட்டுட்டு வா" என்றார். அவன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்துவிட்டான். அவனை மறுபடி சம்மதிக்க வைக்க எனக்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் அவன் எத்தனை பேரோடு ஊசியைப் பகிர்ந்திருப்பான்?

என் கோபமெல்லாம் அந்த "முதல்ல விட்டுட்டு வா" மேல்தான். போதையை விட மாதங்களாகும், வருடங்களாகும், விட்டவர்கள் மறுபடி விழுவதும் உண்டு. அதுவரை வைரஸ் காத்திருக்குமா? டெஸ்டுக்கு வருவதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம். நேற்று ராத்திரி ஊசி போட்டவனும் இன்று காலை வரலாம். வர வேண்டும்.

இரண்டாவது தடவை வேறொரு இடத்தில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு, அதாவது அரசின் இலவச எச்.ஐ.வி. டெஸ்ட் மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த கவுன்சிலர் அக்கா கதவைச் சாத்திவிட்டு முதலில் கேட்டது, "சாப்ட்டியாப்பா?" அப்புறம்தான் மற்றதெல்லாம். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி அவன் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை அவனைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அவன் நரம்பெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. ரத்தம் எடுக்க மூன்று இடத்தில் தேட வேண்டியிருந்தது. லேப் டெக்னீஷியன் முகம் சுளிக்கவே இல்லை. காசு வாங்கவில்லை, அன்றே ரிசல்ட் வந்தது. கடைசியாக ஊசியைப் பகிர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் டெஸ்டில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.

அவன் ரிசல்ட் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது.

'இருக்கு' என்று வந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. 2004லேயே தாம்பரத்தில் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இன்று பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட்டு, வைரஸ் அளவு டெஸ்டில் தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. அதே ரத்தத்தில், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை மாத்திரையாலேயே குணப்படுத்தலாம், அரசுத் திட்டத்தில் அதுவும் இலவசம். ஊசியிலிருந்து விலக, நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரினார்பின் மாத்திரையை, ஓ.எஸ்.டி. எனும் மாற்று மருந்து சிகிச்சை தரும் அரசு மையங்களில் கண்காணித்துக் கொடுக்கிறார்கள்.

2025 மார்ச்சில் கேரளாவின் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில், போதை ஊசியைப் பகிர்ந்த பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. நம் ஆட்கள் அதற்குப் போட்ட கமெண்டுகளைப் படித்து மனசு நொந்துவிட்டது. அங்கே முதலில் ஒருவருக்கு டெஸ்டில் தெரிந்து, அவரோடு ஊசியைப் பகிர்ந்தவர்களைத் தேடிப் போய்தான் மற்றவர்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த முதல் ஆள் பயந்து வீட்டிலேயே இருந்திருந்தால்?

இந்தியாவிலேயே முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். 1986, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அந்த ஊரில் இருந்துகொண்டு, டெஸ்டுக்கு வரும் ஒரு பையனை நாம் வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறோம்.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படி யாராவது இருந்தால் புத்தி சொல்வதை ஒரு நாள் தள்ளி வையுங்கள். அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு போன் செய்து பக்கத்து மையம் எங்கே என்று கேளுங்கள், இலவச எண்தான். கூடவே போங்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.

நான் இப்போது சிரிஞ்ச் கேட்பவர்களைத் துரத்துவதில்லை. புதுசாகக் கொடுக்கிறேன், மையத்தின் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே கொடுக்கிறேன். போன வாரம் அந்தப் பையன் கடைக்கு வந்தான், பின்னால் இன்னொருவன், அவனும் முழுக்கைச் சட்டை. "அண்ணா, இவனையும் கூட்டிட்டுப் போகணும், நாளைக்கு லீவு போடுறீங்களா?" என்றான்.

போட்டேன்.