டவரா டம்ளருக்கு எஸ்பிரெசோ என்று பெயர் வைத்தால்

பித்தளை டவரா டம்ளரில் நுரை ததும்ப நிற்கும் காபி. வெளிச்சம் அருமை, ஃபோகஸ் கச்சிதம், படங்களை விற்றுத்தரும் ஸ்டாக் தளத்தின் ரிவ்யூவிலும் சிக்கலில்லாமல் பாஸாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஒரு டவுன்லோடுகூட இல்லை. இப்படிப்பட்ட படங்களின் கீவேர்டு பட்டியலை, அதாவது வாங்குபவர் தேடும்போது படம் அகப்பட நாம் சேர்க்கும் சொற்களை, திறந்து பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். முதல் பத்து இடங்களில் எஸ்பிரெசோ, கப்புசினோ, கஃபே, மக், பிரேக்ஃபாஸ்ட். 'ஃபில்டர் காபி' முப்பத்தெட்டாவது இடத்தில். 'டவரா' பட்டியலிலேயே இல்லை.

எஸ்பிரெசோ என்று தேடுகிறவர் யார்? இத்தாலிய பாணி காபிக்கடைக்கு மெனு கார்டு செய்யும் ஒரு டிசைனர். அவர் முன்னால் டவரா டம்ளர் வந்தால் ஒரு நொடிகூட நிற்காமல் கடந்து போவார். அதில் நமக்கு என்ன நஷ்டம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. படம் காட்டப்பட்டது, யாரும் தொடவில்லை என்பதும் தளத்துக்கு ஒரு தகவல். அது சேரச் சேர, நாளைக்கு 'சவுத் இந்தியன் காபி' என்று நியாயமாகத் தேடுகிறவருக்கும் அந்தப் படம் பின்னுக்குத் தள்ளப்படலாம்.

தேடலில் எந்தப் படம் முன்னால் வரும் என்ற ரேங்கிங்கின் முழுக் கணக்கை எந்த ஏஜென்சியும், அதாவது எந்த ஸ்டாக் தளமும், வெளியில் சொல்வதில்லை. ஆனால் அடிப்படை ரகசியம் இல்லை. தேடிய சொல் தலைப்பிலும் கீவேர்டிலும் எவ்வளவு பொருந்துகிறது, பார்த்தவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், படம் எவ்வளவு புதுசு. இவைதான் பெரிய அம்சங்கள். அலாமி என்ற ஸ்டாக் தளம் இதில் ஓரளவு வெளிப்படையாக இருக்கிறது. நூறு முறை காட்டப்பட்டதில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தார்கள் என்ற விகிதத்தைக் கான்ட்ரிபியூட்டருக்கே, அதாவது படம் ஏற்றியவருக்கே, காட்டுகிறது, அது ரேங்கைப் பாதிக்கும் என்றும் சொல்கிறது. பொருந்தாத ஒரு கீவேர்டு அந்த விகிதத்தை எப்படிச் சரிக்கும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன்: இடம் இருக்கிறது என்பதற்காக ஐம்பதையும் நிரப்பாதீர்கள். அடோபி ஸ்டாக்கில் 49 கீவேர்டு வரை போடலாம், ஷட்டர்ஸ்டாக்கில் 7 முதல் 50 வரை, அலாமியிலும் 50 வரை. இவை உச்சவரம்பு, இலக்கு அல்ல. ஒரு சாதாரண உணவுப் படத்துக்கு 20 முதல் 30 சொல் தாராளம். அதற்கு மேல் எழுதும்போது கை தானாகவே 'டெலிஷியஸ்', 'டேஸ்டி', 'யம்மி' என்று போய்விடும். அந்தச் சொற்களில் லட்சக்கணக்கான படங்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

வரிசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். அடோபி ஸ்டாக்கில் கீவேர்டின் வரிசைக்கு மதிப்பு உண்டு. முதல் பத்துதான் முக்கியம் என்று அவர்களே சொல்கிறார்கள். அலாமியில் வரிசைக்குப் பதிலாகப் பத்து சொற்களை 'சூப்பர்டேக்' என்று நட்சத்திரமிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரி, லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் அழகாக முக்கியத்துவப்படி கீவேர்டு அடித்து எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள். என்ன ஆகிறது? லைட்ரூம் எல்லாவற்றையும் ஆங்கில அகரவரிசைக்கு மாற்றிவிடுகிறது. 'பெவரேஜ்', 'பிளாக்', 'பிரவுன்' எல்லாம் முன்னால் வந்து உட்காரும். 'தமிழ்நாடு', 'டம்ளர்' இரண்டும் டி வரிசைக்குப் போய், கடைசிக்குப் பக்கத்தில் நிற்கும். அதே ஃபைலை அப்படியே அப்லோடு செய்து சப்மிட் அழுத்தினால் முதல் பத்து இடத்தை அகரவரிசைக்குத் தானம் கொடுத்தாயிற்று.

தீர்வு இரண்டு. படம் குறைவென்றால் அப்லோடு ஆன பிறகு கான்ட்ரிபியூட்டர் பக்கத்தில் முக்கியமான பத்தையும் இழுத்து மேலே வையுங்கள், ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. நிறைய படம் என்றால், எல்லாப் படங்களின் விவரத்தையும் அட்டவணையாக வைக்கும் சிஎஸ்வி ஃபைல்தான் வழி. அடோபிக்கு ஃபைல் பெயர், தலைப்பு, கீவேர்டு, கேட்டகரி என்று பத்திகள். கேட்டகரிக்கு எண் போட வேண்டும்: பானங்களுக்கு 4, உணவுக்கு 7, கலாசாரமும் மதமும் 15. இதில் கெடும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். கீவேர்டுகளுக்கு நடுவில் காற்புள்ளி வருவதால் அந்தப் பத்தி முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் மட்டும் ஏறி மற்றவை சிதறும். ஃபைல் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், கடைசியில் வரும் ஜேபிஜி என்ற பகுதி உட்பட. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

காபிப் படத்துக்கு முதல் பத்து எப்படி இருக்கலாம்? ஃபில்டர் காபி, சவுத் இந்தியன், டவரா, டம்ளர், பிராஸ், இந்தியன் காபி, தமிழ்நாடு, ஃபிராத், டிரெடிஷனல், ஹாட் டிரிங்க். அதன் பிறகுதான் பின்னணி, நிறம், காப்பி ஸ்பேஸ் எல்லாம். காப்பி ஸ்பேஸ் என்பதை உண்மையிலேயே எழுத்து வைக்க இடம் இருந்தால் மட்டும் போடுங்கள். தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும்: பித்தளை டவரா டம்ளரில் நுரையுடன் தென்னிந்திய ஃபில்டர் காபி, மர மேசை மேல். அதையே ஆங்கிலத்தில், எழுபது எழுத்துக்குள். கீவேர்டுகளைக் காற்புள்ளி போட்டுத் தலைப்பில் கொட்டுவது தேடலுக்கும் உதவாது, படிக்கவும் சகிக்காது. கேமரா பெயர், பிராண்டு பெயர் கூடவே கூடாது.

அடுத்தது நம்மூர்ப் படங்களுக்கே உரிய சிக்கல். வெண்டைக்காய்க்கு நாம் பழகிய ஆங்கிலம் 'லேடீஸ் ஃபிங்கர்'. இதை 'லேடி', 'ஃபிங்கர்' என்று தனித்தனியாகப் பிரித்துவிட்டால் நகப்பூச்சு தேடுகிறவர்களின் திரையில் வெண்டைக்காய் வரும். அமெரிக்காவில் தேடுகிறவர் 'ஓக்ரா' என்றுதான் அடிப்பார், அது முதல் இடத்தில் இருக்க வேண்டும். முருங்கைக்காய் இன்னும் மோசம். 'டிரம்ஸ்டிக்' என்றால் உலகத்தில் பெரும்பாலோருக்குக் கோழிக்கால், மீதிப் பேருக்கு மேளக்குச்சி. 'மொரிங்கா' முதலில், 'மொரிங்கா பாட்' அடுத்து, டிரம்ஸ்டிக் தேவையென்றால் 'வெஜிடபிள்' சேர்த்து ஒரே சொற்றொடராக. புடலங்காய்க்கு 'ஸ்நேக் கார்ட்' என்பதைப் பிரித்தால் பாம்பு. கேழ்வரகுக்கு 'ஃபிங்கர் மில்லட்' என்பதைப் பிரித்தால் மறுபடியும் விரல். சேர்ந்து நின்றால்தான் பொருள் தரும் சொற்களைப் பிரிக்கவே கூடாது. ஐஸ்டாக், கெட்டி பக்கம் போனால் கட்டுப்படுத்திய சொல்வங்கி இருக்கிறது. நீங்கள் அடிக்கும் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று அது கேட்கும். அவசரத்தில் முதலில் வருவதை அழுத்தினால் முருங்கைக்காய் இசைக்கருவிப் பிரிவுக்குப் போய்ச் சேரலாம். பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள்.

ஊர்ப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். மாமல்லபுரம் என்று அடிப்பவரும் உண்டு, மகாபலிபுரம் என்று அடிப்பவரும் உண்டு. இரண்டும் வேண்டும். தஞ்சாவூர், டாஞ்சூர் இரண்டும். ஓவியம் தேடுகிறவர் டாஞ்சூர் பெயின்டிங் என்றே அடிப்பார். பட்டுப்புடவைக்கு காஞ்சிபுரம் மட்டும் போட்டால் பாதி வாடிக்கையாளர் போய்விடுவார், வியாபார உலகில் அது கான்ஜீவரம். தோசைக்கு 'டோசா' தவிர 'தோசை' என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் சேருங்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இது கீவேர்டு ஸ்பாம் ஆகாது. ஒரே பொருளுக்கு மக்கள் நிஜமாகவே பயன்படுத்தும் வெவ்வேறு பெயர்கள் இவை. ஆனால் உள்ளூர்ச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். தளம் ஆங்கிலக் கீவேர்டை ஜெர்மனுக்கும் ஜப்பானியத்துக்கும் மொழிபெயர்க்கும்போது 'கோலம்' என்ற சொல் தனியாக எங்கும் போகாது. 'ரைஸ் ஃபிளவர்', 'ஃபிளோர் ஆர்ட்', 'த்ரெஷோல்ட்' கூட இருந்தால்தான் அது பயணம் செய்யும். மாவைக் குறிக்கும் 'ஃபிளவர்' எழுத்துக்கூட்டலில் தவறினால் அரிசிப் பூவாகிவிடும், அதையும் கவனியுங்கள்.

தானியங்கிக் கீவேர்டு கருவிகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வார்த்தை அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். படத்தில் கை, மேசை, சிவப்பு நிறம் இருப்பதை அவை நன்றாகவே கண்டுபிடிக்கும். கோலத்துக்கு 'மண்டலா' என்றும், கோபுரத்துக்கு 'பகோடா' என்றும், பொங்கலுக்கு 'ரிசோட்டோ' என்றும் அவை சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவை கற்ற படங்களில் நம் பொருள்கள் குறைவு. அந்தத் தவறை நாமே அப்படியே ஏற்றுச் சப்மிட் செய்தால், நாளை அந்தப் படங்களிலிருந்து கற்கும் அடுத்த கருவியும் கோலத்தை மண்டலா என்றே சொல்லும். இது விற்பனையைத் தாண்டிய விஷயம். நம் பொருளுக்கு நாம்தான் பெயர் சொல்ல வேண்டும்.

ஒரே அமர்வில் எடுத்த 40 படத்தையும் அனுப்புவது அடுத்த பிழை. ஒரே கோணத்தில் சிறு மாற்றத்துடன் பத்துப் படம் போட்டால் வர வேண்டிய கிளிக் பத்தாகப் பிரிகிறது, எந்த ஒரு படத்துக்கும் மேலே ஏறும் அளவுக்குப் பலம் சேராது. 'சிமிலர்' என்று ரிஜெக்ட் ஆவதும் நடக்கும். ஐந்தாறு போதும்: மேலிருந்து ஒன்று, நெட்டுவாக்கில் ஒன்று, ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு ஒன்று, ஆற்றும் கை தெரிய ஒன்று, பொருள் மட்டும் வெள்ளைப் பின்னணியில் ஒன்று. இதிலும் ஒரு படத்தின் கீவேர்டை எல்லாவற்றுக்கும் காப்பி செய்து ஒட்டினால் ஆற்றாத படத்திலும் ஊற்றுவதைக் குறிக்கும் 'போரிங்' இருக்கும், கை இல்லாத படத்திலும் 'ஹேண்ட்' இருக்கும். ஒட்டிய பிறகு ஒவ்வொன்றிலும் பொருந்தாததை நீக்குங்கள். நீக்குவதில்தான் தரம் இருக்கிறது.

அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரில் ஏஐ படங்களை அதிகாரபூர்வமாக ஏற்கத் தொடங்கிய பிறகு 'பிசினஸ் மீட்டிங்', 'சன்செட் பீச்', 'ஹெல்தி சாலட்' போன்ற பொதுச் சொற்களில் புதியவர் மேலே வருவது இன்னும் கடினம். வாங்குபவர் ஏஐ படங்களை விலக்கிப் பார்க்க வசதி இருக்கிறது, ஆனால் எல்லோரும் அதை அழுத்துவதில்லை. குறிப்பான படங்களில் நிலைமை வேறு. சிக்குக் கோலத்தில் கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். ஏஐ வரைந்ததில் புள்ளிக்கணக்கு உதைக்கும், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று விவரித்த உண்மையான படத்துக்குப் போட்டி குறைவு.

இத்தனையும் கான்ட்ரிபியூட்டர் செய்ய வேண்டியது. ஏஜென்சிகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அலாமியில் வாடிக்கையாளர்கள் என்ன சொல்லில் தேடினார்கள், அதில் நம் படம் வந்ததா என்று பார்க்க முடிகிறது. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து, நம் படம் சம்பந்தமே இல்லாத தேடலில் வந்திருந்தால் அதற்குக் காரணமான சொல்லைக் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். இந்த வசதி எல்லாத் தளங்களிலும் வேண்டும். எத்தனை முறை காட்டப்பட்டது, எந்தச் சொல்லுக்கு என்ற இரண்டு எண் தெரியாமல் கீவேர்டைத் திருத்துவது இருட்டில் ஊசி கோப்பது. விற்கும்வரை எதுவும் வாங்காமல் படத்தையும் சொல்லையும் உழைப்பையும் கொடுக்கிறவருக்கு அந்த இரண்டு எண்ணைக் காட்டுவது பெரிய சலுகை இல்லை.

அது வரும்வரை கைமுறைச் சோதனைதான். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, தளத்தின் தேடல் பெட்டியில் முதல் சொல்லை அடித்ததும் வரும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், அவை பொதுவாக மக்கள் தேடும் சொற்கள். பிறகு முதல் பக்கத்தில் வரும் இருபது படங்களைப் பாருங்கள். எல்லாமே மேலிருந்து எடுத்தவை என்றால் பக்கவாட்டுக் கோணத்துக்கு இடம் இருக்கிறது என்று பொருள்.

பண்டிகைப் படத்துக்கு நேரமும் ரேங்கிங்கின் ஒரு பகுதி. பொங்கல் படத்தை ஜனவரி முதல் வாரம் ஏற்றினால் அது கிளிக் சேர்த்து மேலே வருவதற்குள் கரும்புச் சக்கையே மிஞ்சும். அக்டோபர், பிந்தினால் நவம்பர் தொடக்கம். ஷட்டர்ஸ்டாக்கில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூன் 1-ல் அவர்கள் கொண்டுவந்த முறையில் விற்பனையில் கான்ட்ரிபியூட்டருக்கு வரும் பங்கு 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படி, ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லோரும் முதல் படிக்கு இறக்கப்படுகிறார்கள். டிசம்பரில் விற்கும் பொங்கல் படத்துக்கு நீங்கள் ஏறிய படியின் பங்கு கிடைக்கும். அதே படம் ஜனவரி 2-ல் விற்றால் 15 சதவீதம்தான்.

பழைய படங்களைத் திருத்த நினைத்தால் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பதைத் தொடாதீர்கள். ஒருமுறையாவது விற்ற படத்தை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது, அது சேர்த்த விற்பனை வரலாற்றை நாமே துடைப்பது. ஒரு டவுன்லோடும் இல்லாத இருபது படத்தை எடுத்து, முதல் பத்துச் சொல்லையும் தலைப்பையும் மாற்றி, தேதியைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மாற்றாத இருபதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த இருபது.