ஜாமீன் கிடைத்த பிறகும் ஒன்பது நாள்

போன வருஷம் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனின் மகனுக்கு ஜாமீன் கிடைத்தது. ஏதோ கைகலப்பு வழக்கு. உத்தரவு வந்த அன்று சாயங்காலம் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார் அண்ணன். பையன் வீடு வந்து சேர்ந்தது ஒன்பது நாள் கழித்து.

உத்தரவில் இருந்த நிபந்தனை: 10,000 ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு. பணம் கட்ட வேண்டாம், அந்த மதிப்புக்குச் சொத்து இருப்பவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஆள் நான். வீட்டு வரி ரசீது, ஆதார் நகல், போட்டோவோடு போய் நின்றேன். ரத்த உறவுக்கு எங்கே போவது? அண்ணன் இருப்பது வாடகை வீடு. அவர் தங்கை வீடு புறம்போக்கில், பட்டா கிடையாது. கடைசியில் ஊரிலிருந்து சித்தப்பாவை வரவழைத்தார்கள். வேறு மாவட்டத்து ரசீது என்று முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோர்ட் வராந்தாவில் நின்று அண்ணன் அந்த ரசீதை நாலாக மடித்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இதே கதை 1978-இல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மோதிராம், மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ் கோர்ட்டில் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். சகோதரர் வந்து நின்றால், ஆளும் சொத்தும் வேறு மாவட்டம் என்று மறுத்துவிட்டார் மாஜிஸ்திரேட். வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யருக்கு வந்த கோபம் தீர்ப்பில் அப்படியே தெரியும். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ மத்திய இந்தியாவின் பஸ்தரிலோ டெல்லி சாந்தினி சவுக்கிலோ கைதானால் என்ன செய்வார் என்று கேட்டார். 1,000 ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது வேறு ஆள் ஜாமீன் இல்லாமல் அவர் கையெழுத்தை மட்டும் வாங்கி, விடச் சொன்னார். 1948-இல் தானே சிறையில் இருந்து வந்த மனிதர் அவர்.

அந்தக் கேள்வி இன்று நம்மைப் பார்த்தும் நிற்கிறது. திருப்பூரில் வேலை செய்யும் பீகார் பையன் இங்கே கைதானால், ரத்த உறவு ஜாமீனுக்கு அவன் அம்மா ரயில் ஏறி வர வேண்டுமா?

அமெரிக்க அரசியல் சாசனத்தில் 1791-லிருந்தே எட்டாவது திருத்தம் இருக்கிறது. அளவுக்கு மீறி ஜாமீன் கேட்காதே, அளவுக்கு மீறி அபராதம் போடாதே, கொடூரமாகத் தண்டிக்காதே என்று ஒரே வாக்கியம். நம் சாசனத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் தனிமைச் சிறையும் கால் விலங்கும் பேசப்பட்ட சுனில் பத்ரா வழக்கில், அந்தத் திருத்தம் நம்மிடம் இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றுதான் என்று இதே கிருஷ்ணய்யர் எழுதினார். ஜாமீனுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது: பிணைத் தொகை அளவுக்கு மீறக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 440-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 484-வது பிரிவு.

அப்புறம் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஜாமீன் போடுபவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போடாமல் இருக்கலாம் என்றும் அதில் உண்டு. எங்கள் ஒன்பது நாளில் யாரும் வந்து விசாரிக்கவில்லை.

ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இருபது வருஷமாக ஒரே வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருக்கும் குடும்பம் எங்கே ஓடும்? ஒரு ஆளை ஊரில் பிடித்து வைப்பது வேலை, குடும்பம், பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடம். வரி ரசீது கேட்கும் நேரத்தில் இதைக் கேட்டு, சொந்தப் பிணையில் விடலாம். ரசீதையே பிடித்துக்கொண்டு நின்றால், கோர்ட் வாசலில் "ஜாமீன் போட ஆள் வேணுமா?" என்று கேட்கும் தரகருக்குத்தான் லாபம். அண்ணனையும் ஒருவர் கேட்டார். அவர் சொன்ன தொகை அண்ணனின் ஒரு மாத வருமானம்.

வழக்கறிஞர் நண்பர்களே, பிணை கொடுக்க முடியாதவர்களுக்காக 484-இல் மனுப் போடுங்கள். பையன் வெளியே வந்துவிட்டான், சரி. ஆனால் தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அவன் பெயிண்டர். ஒன்பது மணிக்கே வேலைக்கு ஆள் எடுத்து முடித்துவிடுகிறார்கள்.