ஒரு மானிட்டர், ரெண்டு லேப்டாப், ஒரு மாமனார்

(சென்னை ரிச்சி தெரு. கேபிள் கடை.)

சார்: தம்பி, எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் ஒண்ணு குடுப்பா.

கடைக்காரர்: எத்தனை டிவிக்கு சார்?

சார்: டிவி இல்லப்பா. 34 இன்ச் மானிட்டர் ஒண்ணுதான். லேப்டாப்தான் ரெண்டு. ஒண்ணு என் ஆபீசு, இன்னொண்ணு மாமனாரோட ஷேர் மார்க்கெட்.

கடைக்காரர்: ஸ்ப்ளிட்டர் ஒரு லேப்டாப் படத்தை ரெண்டு திரைக்கு அனுப்பும் சார். உங்க கேஸ் நேர் எதிர். ஸ்விட்ச்தான் வேணும்.

சார்: திருப்பி மாட்டிக்கலாமே?

கடைக்காரர்: ஓடாது. மானிட்டர் பின்னாடி என்னென்ன போர்ட் இருக்கு?

சார்: எச்டிஎம்ஐ ஒண்ணு, டிஸ்ப்ளே போர்ட் ஒண்ணு.

கடைக்காரர்: அப்ப ஸ்விட்சும் வேணாம். அவருக்கு எச்டிஎம்ஐ, உங்களுக்கு டைப்-சி டு டிஸ்ப்ளே போர்ட் கேபிள். மானிட்டர் மெனுல இன்புட் மாத்திக்குங்க. ஒண்ணு, உங்க டைப்-சி பக்கத்துல ‘டிபி’, அதாவது டிஸ்ப்ளே போர்ட் குறி இருக்கான்னு பாருங்க. சார்ஜ் மட்டும் ஏறுற போர்ட்ல படம் வராது.

சார்: இப்பவே ஒரே கேபிளை மாத்தி மாத்திச் சொருகுறோம். காலைல 9:15க்கு மார்க்கெட் திறந்தா 3:30 வரைக்கும் பிடுங்க விடமாட்டார்.

கடைக்காரர்: ரெண்டு கேபிளும் சொருகினதும் ஆட்டோ இன்புட்டை ஆஃப் பண்ணிடுங்க. இல்லேன்னா உங்க லேப்டாப் தூங்கின உடனே திரை அவர் பக்கம் தாவிடும்.

சார்: அவரும் அப்படித்தான்.

கடைக்காரர்: இன்னொண்ணு. திரை அவர்கிட்ட இருந்தாலும் மானிட்டர் இன்னும் நம்மகிட்டதான் இருக்குன்னு உங்க லேப்டாப் நினைச்சுக்கும். எக்செல் அங்க போய்த் திறக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், இடது இல்லேன்னா வலது அம்புக்குறி மூணையும் சேர்த்து அமுக்குங்க, திரும்பி வரும்.

சார்: கீபோர்டு, மவுஸ் ஒரே செட் போதுமா?

கடைக்காரர்: யூஎஸ்பி ஸ்விட்ச் தனியா இருக்கு. ஆனா திரையையும் கீபோர்டையும் சேர்த்து மாத்தணும். திரையை மட்டும் மாத்திட்டு நீங்க மெயில்னு நினைச்சு என்டர் தட்டினா, அங்க அவர் ஷேரு வித்துடும்.

சார்: ஐயையோ! தனித்தனி கீபோர்டே இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பார்க்க முடியாதா?

கடைக்காரர்: மெனுல ‘பிபிபி’ இருந்தா முடியும். ஒரே திரையில ரெண்டு படமும் பக்கத்துப் பக்கத்துல வரும். உங்க மானிட்டர் 3440-க்கு 1440 பிக்சல்னா அகலத்துல ஆளுக்கு 1720. ரெண்டு லேப்டாப்லயும் ரெசல்யூஷன் 1720-க்கு 1440ன்னு வைக்கணும். வைக்கலேன்னா எழுத்தெல்லாம் ஒல்லியா நசுங்கும், இல்ல கறுப்புப் பட்டை விழும். சத்தம் மட்டும் ஒரு லேப்டாப்லேர்ந்துதான் வரும். எதுலேர்ந்துன்னு நீங்களே செலக்ட் பண்ணிக்கலாம்.

சார்: நானா? மானிட்டர் அவர் காசுல வாங்கினதுப்பா!